வீதியைப் பார்க்காத சுவர்

புது வீட்டுக்கு நான் வரைந்த வரைபடத்தை விரித்ததும் அம்மா கேட்டார்: "வீதிப் பக்கம் ஒரு யன்னல்கூட இல்லை. இது வீடா, நெல்லுக் களஞ்சியமா?"

முள்ளியவளையில் எங்கள் காணியில் இப்போது நிற்பது இரண்டு அறை வீட்டுத்திட்ட வீடு. முன்கதவைத் திறந்தால் சைக்கிளில் போகிறவருக்கு அடுப்படி வரை தெரியும். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் இருந்த காலத்தில் உடுப்பு மாற்றவும் மறைவு கிடைக்காத அம்மா, அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கிணற்றடிக்கு மட்டும் ஆண்டுதோறும் புதுக் கிடுகு கட்டுவிப்பார். மூடிய வீடுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நானாக முடிவுகட்டிவிட்டேன்.

என் மனத்தில் இருந்தது, 1976இல் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் தடாவோ ஆண்டோ ஒசாகாவில் கட்டிய சுமியோஷி வீடு. வீதிக்குத் தெரிவது பூச்சில்லாத கொங்கிறீற் சுவரும் ஒரு வாசலும்தான். வெளிச்சமும் காற்றும் நடுமுற்றத்தால் வரும். மழை நாளில் குளியலறைக்குக் குடையோடு போகவேண்டும் என்றதும் அம்மா சிரித்துவிட்டார். "முற்றத்தைச் சுற்றிக் கட்டிய நம்முடைய நாற்சார் வீட்டில் தாழ்வாரம் எதற்கு வைத்தார்கள்?" பதில் இல்லை. கொழும்பில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்காகக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய முற்றத்து வீட்டுக்கும் அகன்ற தாழ்வாரங்கள் உண்டு. வரைந்து சேர்த்தேன்.

மேசனுக்கு வேறு கவலை. தட்டுக் கூரை பகல் வெயிலைக் குடித்து இரவில் கக்கும் என்றார். கொங்கிறீற் சுவரோடு நின்றது, கூரைக்கு ஓடு. முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் வாயில் புடையன் பாம்பு நுழையாமல் கம்பிவலை. (இதை எந்தக் கட்டடக்கலைப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.)

யன்னல் மட்டும் தீரவில்லை. ஒரு மாலை கிணற்றடியில் நின்றபடி அம்மா, "மூன்று மணி பஸ் இன்றைக்கும் பிந்தித்தான் போகிறது" என்றார். பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கிடுகின் நீக்கல்களால் வீதி முழுவதும் தெரிந்தது. வெளியே போய்ப் பார்த்தால் அம்மாவின் சேலை நிறம்கூடத் தெரியவில்லை. நிழலில் நிற்பவருக்கு வெயில் தெரியும், வெயிலில் நிற்பவருக்கு நிழல் தெரியாது.

முன்சுவரில் ஆறடி நீளத்துக்கு ஓட்டைச் சீமெந்துக் கற்களைப் பக்கவாட்டில் அடுக்கச் சொல்லியிருக்கிறேன். உயரத்தை அம்மாவே அளந்தார், கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கண்மட்டத்துக்கு.

இப்போது வாசலுக்கு, வழிப்போக்கர் ஒதுங்கக் கூரை போட்ட சங்கடப்படலை கேட்கிறார்.