பதினாலாம் நாளுக்கு முந்தைய பக்கங்கள்

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்காண்டுகள் கழித்து எழுந்த எதிர்ப்பும், எழுதுவதையே விட்டுவிடுவதாக அவர் 2015 ஜனவரியில் அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்ததும் பலரும் அறிந்தவை. வழக்கின் வழியாக நாவலை அறிந்தவர்கள், பிள்ளையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆணோடு கூடிப் பிள்ளைவரம் பெறலாம் என்று நாவல் சொல்லும் திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினாலாம் நாளைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்கு உண்மையான வருத்தம். அந்த இரவு வருவதற்கு முன்பு காளியும் பொன்னாவும் பன்னிரண்டு ஆண்டுகள் எதையெல்லாம் தாங்கினார்கள் என்பதுதான் நாவலின் பெரும்பகுதி.

விடுதலைக்கு முந்தைய கொங்கு நாட்டுக் குடியானவர்கள் அவர்கள். ஒருவரையொருவர் விரும்பி, குறையின்றி வாழ்கிறார்கள். குழந்தை இல்லை என்பதை ஒரு குறையாக அவர்களுக்கு நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றவர்களே. மாமனார் வீட்டு வாசலில் காளி கொண்டுவந்து வைத்த பூவரசு அதே பன்னிரண்டு ஆண்டுகளில் கிளைபரப்பிப் பூத்து நிற்பதைக் காட்டித்தான் நாவல் தொடங்குகிறது. மரத்தின் அழகைச் சொல்லும் அந்த வரிகளிலேயே இருவரின் வேதனையும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

பொன்னா மாமியார் கொடுக்கும் கசப்பு மருந்துகளை விழுங்குகிறாள். சொன்ன தெய்வங்களுக்கெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். கால் தவறினால் உயிர் போகும் என்று தெரிந்தும் பிள்ளைவரம் வேண்டி, மலைமீதிருக்கும் வறடிக்கல் என்னும் பாறையைச் சுற்றி வருகிறாள். பிள்ளைக்காக ஒரு பெண் தன் உயிரையே பணயம் வைக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கிறது என்பதை அந்த ஒரு காட்சி எந்த விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறது. காளியின் நிலை வேறு. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்ற பேச்சுக்கு அவன் இணங்கவில்லை. ஆனால் நாலு பேர் கூடும் இடங்களிலிருந்து மெல்ல விலகித் மாடுகளைக் கட்டும் தன் தொண்டுப்பட்டியிலேயே ஒடுங்கிக்கொள்கிறான். ஆணுக்கும் இந்த அவமானம் உண்டு என்பதை இவ்வளவு நெருக்கமாக எழுதிய தமிழ் நாவல்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

என்னை மிகவும் கலங்கவைப்பது, இதில் கெட்டவர் என்று ஒருவரையும் சுட்ட முடியாததுதான். இரு தாய்மாரும், பொன்னாவின் அண்ணனும் காளியின் நண்பனுமான முத்துவும் அந்த இருவர்மீது பாசம் கொண்டவர்கள்தான். அந்தப் பாசத்தினாலேயே, காளி சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவை நம்பவைத்துத் திருவிழாவுக்கு அழைத்துப்போகிறார்கள். கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே உரிய முடிவைக் குடும்பம் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அவளுடைய சம்மதமே ஒரு பொய்யின்மீது பெறப்பட்டது. சடங்கு உண்மையில் நடந்ததா என்று வரலாற்றில் தேடிச் சண்டையிட்டவர்கள் இந்தப் பொய்யைப் பற்றி ஏன் பேசவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காளி உயிரோடில்லாத வாழ்வை ஒன்றிலும் உயிரோடிருக்கும் வாழ்வை மற்றொன்றிலுமாகத் தொடரும் ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ ஆகிய இரு நாவல்களும் 2014இல் வந்தன. ‘மாதொருபாகனை’ முடித்தவுடன் அவற்றுக்குத் தாவாமல், பொன்னா வறடிக்கல்லைச் சுற்றும் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுப் போகுமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.