விரித்து வைத்தால் நிற்க வேண்டும்: தக்கலை நாட்குறிப்பு

2024 அக்டோபர் 5, சனி

பத்மநாபபுரத்துச் சரஸ்வதி அம்மனும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இந்த வாரம்தான் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்பட்டுப் போனார்கள். சாமி ஊர்வலம் போன கையோடு, கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் இருக்கிற என் புத்தக பைண்டிங் பட்டறைக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். பூசையில் வைக்கிற புத்தகம் கிழிந்து கிடக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ராமாயணம், ஜோதிட நூல், வைத்தியக் குறிப்பு, தாத்தா கணக்கு எழுதிய நோட்டு என்று வரும். இந்த ஒரு வாரம் என் சொந்தப் புது வேலை எதையும் தொடுவதில்லை.

மத்தியானம் ஒரு பாட்டா வந்தார். நெற்றியில் நாமம், வாசலிலேயே "அய்யா உண்டு" என்றார். காவித் துணியில் பொதிந்த ஒரு புத்தகத்தை மேஜையில் வைத்தார். அகிலத்திரட்டு, அய்யாவழிக்காரர்களின் புனித நூல். அவர் ஊர் நிழல்தாங்கலில், அதாவது அய்யாவழி வழிபாட்டு இடத்தில், ஏடு வாசிக்கிறவர்.

"மக்ளே, இது வாசிப்புக்கு உள்ள புத்தகமாக்கும். விரிச்சு வெச்சா நிக்க மாட்டேங்கு. ஒரு கையி புத்தகத்த அமுக்கிப் பிடிக்கவே சரியாப் போவுது. கார்த்திகைக்கு முன்ன வேணும், கேட்டியா?"

விரித்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில் கையை எடுத்ததும் டப் என்று மூடிக்கொண்டது. உள் ஓரத்து எழுத்துகள் பாதி முதுகுக்குள் போய்விட்டன. பலமாக விரித்த இரண்டு இடங்களில் தாள்கள் கொத்தாகக் கழன்றிருக்கின்றன. நூல் இல்லாமல் சூட்டுப் பசையால் மட்டும் ஒட்டிய பெர்ஃபெக்ட் பைண்டிங். ஒரு முறை படித்து அலமாரியில் வைக்கிற நாவலுக்கு அது போதும். பல பேர் கூடியிருக்க, நாள் கணக்கில் ராகம் போட்டு வாசிக்கிற புத்தகத்துக்கு அது போதாது. எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் இரண்டு கல்லூரி மாணவர்களின் புராஜெக்ட் பைண்டிங், ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகம். வாடகையைக் கொடுப்பது இந்த வேலைகள்தான். கையால் செய்யும் கலைப் புத்தகங்கள் வருஷத்தில் சில மாதங்களுக்கு மட்டுமே சோறு போடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தீர்மானப் புத்தகத்தையும் நான் நூல் போட்டுத்தான் தைக்கிறேன். இருபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் ஏதோ ஒரு தகராறுக்காக அதை விரித்துப் பார்க்கத்தான் போகிறார்.

மாலையில் பாட்டாவின் புத்தகத்தைப் பிரித்தேன். அட்டையை நீக்கி, முதுகுப் பசையைச் சூடு காட்டி இளக்கி, மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் பாரங்களின், அதாவது மடித்த தாள்கட்டுகளின், மடிப்பைச் சீவி எறிந்துவிடுகிறார்கள். பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் எட்டு உதிரித் தாளாகிவிடும். நூல் ஓடுவதற்கு மடிப்பே இல்லை. அதனால் இரண்டிரண்டு தாளாகச் சேர்த்து, நடுவில் ஒரு மெல்லிய தாள் கீற்றை ஒட்டி மடிப்பை மறுபடி உண்டாக்க வேண்டும். முழுப் புத்தகத்துக்கும். இதற்கு நீளமான நார் உள்ள மெல்லிய தாள்தான் வேண்டும், சாதாரணத் தாள் மடிப்பிலேயே முறிந்துவிடும்.

சுரண்டும்போதெல்லாம் தோன்றுவது ஒன்றுதான். இதை ஒட்டியவர், அடுத்து ஒருவர் இதைப் பிரிக்க வேண்டி வரும் என்று நினைக்கவே இல்லை. மாவுப் பசையால் ஒட்டியிருந்தால் ஈரத் துணியை வைத்துக் காத்திருந்தாலே போதும், தாள் நோகாமல் விட்டுக்கொடுக்கும். நான் செய்கிற எதையும் எனக்குப் பின்னால் வருகிற ஒருவர் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் இதை எந்த நாளும் வாயால் சொன்னதில்லை, ஆனால் அவர் கட்டிய புத்தகங்களைப் பிரித்தபோது அப்படித்தான் இருந்தன.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

நேற்று கத்தி, ஊசி, துளைக்கும் ஆணி, மடிப்பைத் தேய்க்கிற எலும்புத் துண்டு எல்லாம் பூசையில். இன்று காலை எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஏடு தொடங்கினார்கள். அரிசியில் விரல் பிடித்து எழுதும்போது அது எல்லோரையும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டது.

அந்த வீட்டு அம்மை பூசையில் வைத்திருந்த ஓலைக்கட்டு ஒன்றை எனக்குக் காட்டினார். வீட்டில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. நான் அவிழ்க்கவில்லை, கட்டியபடியே பார்த்தேன். மேலும் கீழும் இரண்டு மரச் சட்டங்கள், துளை வழியாக ஒரு கயிறு, அவ்வளவுதான். பசை கிடையாது. கயிற்றைத் தளர்த்தினால் மொத்தப் புத்தகமும் ஓலை ஓலையாகக் கைக்கு வந்துவிடும். ஒரு ஓலை நைந்தால் அதை மட்டும் புதிதாக எழுதிக் கோத்துக்கொள்ளலாம். அகிலத்திரட்டும் 1939-ல் அச்சேறும் வரை இப்படி ஓலையில் எழுதி எழுதித்தான் கைமாறி வந்தது. பழுது பார்க்க இவ்வளவு தோதான புத்தக வடிவம் நான் வேறு பார்த்ததில்லை.

பூச்சி வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டார். மூட்டையாகக் கட்டிப் பரணில் போடாதீர்கள், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல் காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள், மாதம் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள் என்றேன். எண்ணெய் தடவுவதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடச் சொன்னேன்.

அக்டோபர் 16, புதன்

வடகிழக்குப் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டதாக அறிவிப்பு. தமிழ்நாட்டின் மற்ற பல ஊர்களில் பைண்டிங் செய்கிறவர்களுக்கு ஒரு மழைக்காலம். எங்களுக்கு ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வெயிலில்தான் அட்டை ஒட்டுகிற வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஈரத்தில் தாளின் நார் ஓடுகிற திசையைப் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது. தாள் ஈரத்தை இழுக்கும்போது நாருக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். நார் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடினால் புத்தகம் அமைதியாக விரியும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் அலையலையாக நிற்கும், அட்டை வளையும். கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், எப்படி வளைக்கும்போது மறுக்காமல் வருகிறதோ, அந்த வளைவை மடித்தால் விழும் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. அட்டைக்கும் துணிக்கும் இதே பரிசோதனைதான். மூன்றின் ஓட்டமும் ஒரே திசையில் இருந்துவிட்டால் மழைக்காலத்திலும் பாதிக் கவலை இல்லை.

பசையை அன்றன்றைக்குத்தான் காய்ச்சுகிறேன். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கை விடாமல் கிண்டி, வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, ஆறியபின் துணியில் வடிகட்டினால் சரி. பழைய பட்டறைகளில் பூச்சிக்காக மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) போடுவார்கள். நான் போடுவதில்லை. பூச்சி வராதுதான், ஆனால் அந்தச் செம்பு நாள்பட நாள்பட தாளையே அரித்துவிடும். பதிலுக்கு இரண்டு துளி கிராம்பு எண்ணெய். நம் மலையில் விளைகிற கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அளவு கூடினால் கறை விழும், எனவே துளி என்றால் துளிதான்.

அக்டோபர் 21, திங்கள்

மார்த்தாண்டம் போய்த் தேன்மெழுகு வாங்கி வந்தேன். தைக்கிற நூலை மெழுகில் இழுக்காமல் நான் தைப்பதில்லை. மெழுகு ஏறிய நூல் சிக்காது, முடிச்சு நழுவாது, துளையில் உரசும்போது தாளையும் அறுக்காது. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீப் பெட்டிகளைப் பரவலாக்கிய ஊர் இது. இன்றும் இங்கே நல்ல மெழுகு கிடைப்பது அதன் தொடர்ச்சிதான். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்விடுகிற தை, மாசியில்தான் தேன் பெருகும். இப்போது சீசன் இல்லை, இருந்த மெழுகில் ஒரு கட்டி கொடுத்தார்கள். பாரஃபின் கலக்காத மெழுகைக் கையில் கொஞ்சம் உருட்டினாலே தெரியும், இளகும், தேன் மணக்கும்.

அக்டோபர் 26, சனி

தையல்.

கீற்று ஒட்டி மடித்த பாரங்களை அழுத்தியில் சில நாள் வைத்திருந்தேன். கீற்று ஒட்டிய புத்தகத்தில் முதுகு வீங்கும். அதோடு நூலின் கனமும் சேர்ந்தால் புத்தகம் ஆப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் மெல்லிய லினன் நூலை எடுத்து, ஒவ்வொரு நாலைந்து பாரத்துக்கும் எலும்பால் முதுகைத் தட்டி அமுக்கிக்கொண்டே போனேன்.

முதல் பாரத்தை மேஜை விளிம்பில் வைத்து ஊசியை வெளியிலிருந்து உள்ளே விடுகிறேன். மடிப்பின் நடுவில் ஓடி, முதுகின் குறுக்கே வைத்த நாடாவுக்கு ஒரு பக்கம் வெளியே வந்து, நாடாவைத் தாண்டி மறுபக்கம் உள்ளே போகிறது. கடைசித் துளையில் வெளியே வந்ததும் அடுத்த பாரத்தை மேலே வைத்து எதிர்த்திசையில் திரும்புகிறேன். மூன்றாவது பாரத்திலிருந்து, ஓரத்துக்கு வரும்போதெல்லாம் கீழே உள்ள இரண்டு பாரங்களுக்கு நடுவே ஊசியை நுழைத்து ஒரு கண்ணி போட்டு மேலே ஏறுகிறேன். நூலை எப்போதும் முதுகுக்கு இணையாகத்தான் இழுக்க வேண்டும். நேராக மேலே இழுத்தால் மடிப்பு கிழிந்துவிடும். எவ்வளவு இறுக்கம் என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை. நூல் துளையில் உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தட்டுப்படும், அங்கே நிறுத்த வேண்டும்.

இருட்டுவதற்குள் முடிந்தது. அட்டை இல்லாத வெறும் தையலாகவே நடுவில் விரித்துப் பார்த்தேன். கை வைக்காமலே நின்றது. உள் ஓரத்து எழுத்து முழுதாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நவம்பர் 1, வெள்ளி

1956-ல் இதே நாளில்தான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தீபாவளிக்கு மறுநாள், தெரு அமைதி. என் சொந்த வேலைக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது.

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நம் கடற்கரையை ஒரே நீள மடிப்புப் புத்தகமாகச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு மடிப்புக்கு ஓர் ஊர். ஒரு முகத்தில் கடல், திருப்பினால் கரை. முழுதாக இழுத்து விரித்தால் தரையில் மேற்கிலிருந்து கிழக்காக ஊர்கள் வரிசையாகப் படுத்திருக்கும். நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்து, கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பாத ஊர்கள் இவை. இந்த எட்டு மடிப்பிலும் கடல் பக்கத்தில் எதையும் அச்சிடாமல் வெறும் நீலம் மட்டும் விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். கரைப் பக்கத்தில் ஊர்ப் பெயர் இருக்கும்.

பெயர்களை ஈய எழுத்தில் அச்சிடுகிறேன். நாகர்கோவிலில் மூடிய ஒரு பழைய அச்சகத்தில் வாங்கிய எழுத்துப் பெட்டி அது. 1820-களில் மீட் பாதிரியார் அச்சு இயந்திரம் நிறுவிய ஊரில் இன்று அச்சுக் கோக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. அழுத்திய எழுத்தைத் தடவினால் விரலுக்குப் பள்ளம் தெரியும், அதற்காகத்தான் இந்தப் பாடு.

அவ்வளவு நீளத் தாள் கிடைக்காது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் விட்டு, அடுத்த துண்டை அதன்மேல் மாவுப் பசையால் ஒட்டி, ஒட்டு சரியாக மடிப்பில் விழும்படி பார்த்துக்கொள்கிறேன். நார் மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும் என்பது இங்கே இன்னும் கண்டிப்பு. இல்லையென்றால் மடிப்பில் வெடிப்பு விழும்.

நவம்பர் 5, செவ்வாய்

பாட்டாவின் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். தோல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். வடசேரியில் வாங்கிய காவிப் பருத்தித் துணிக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைத்து, அதற்கப்புறம் அட்டையில் ஏற்றினேன். பின்தாள் இல்லாவிட்டால் பசை நெய்த்துளை வழியாக வெளியே பூத்துவிடும். முதுகுத் துணியைப் புத்தகத்தின் முதுகோடு ஒட்டவில்லை. விரிக்கும்போது இரண்டும் விலகி நிற்கட்டும், அப்போதுதான் தையல் தன் போக்கில் வளையும். அழுத்தியில் வைத்தாயிற்று. மழை விட்டபாடில்லை, நாலு நாளாவது இருக்கட்டும்.

நவம்பர் 9, சனி

பாட்டா காலையிலேயே வந்துவிட்டார். புத்தகத்தைத் தொடுமுன் கை கழுவத் தண்ணீர் கேட்டார். மேஜையில் வைத்து முன்பக்கம், நடுப்பக்கம், பின்பக்கம் என்று விரித்து விரித்துக் கையை எடுத்துப் பார்த்தார். நின்றது. நடுவில் ஓர் இடத்தில் இரண்டு வரியை ராகத்தோடு வாசித்தார். அதுவரை மெல்லப் பேசியவரின் குரல் அப்படியே மாறி அறையை நிறைத்தது.

பின் அட்டையின் உள்ளே நான் வைத்திருந்த உறையைப் பார்த்து, இது என்ன என்றார். நான் கட்டுகிற எல்லாப் புத்தகத்திலும் ஒரு சீட்டு வைப்பேன். எந்தப் பசை, எந்த நூல், எங்கிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும், என்ன தேதி என்று அதில் எழுதியிருக்கும்.

"இத எப்பம் பிரிக்க?"

"உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல தேவைப்படும் பாட்டா."

"அப்பம் கொல்லம் ஆண்டும் போட்டிரு. எங்களுக்கு அதாக்கும் கணக்கு."

சீட்டை எடுத்து, தேதிக்குக் கீழே கொல்லம் 1200 ஐப்பசி என்று சேர்த்தேன். மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இன்னொரு தாங்கலிலும் ஒரு புத்தகம் இதே கோலத்தில் கிடக்கிறதாம், வாசிப்பு முடிந்ததும் கொண்டு வருகிறேன் என்றார். தை மாதம் வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மழை ஓய்ந்துவிடும், அட்டை சீக்கிரம் காயும், புது மெழுகும் வந்திருக்கும்.