சேதாரம் கேட்காத ஊரில் நகைப் படிப்பு

நகை செய்யப் படிக்க இத்தாலி போகிறேன் என்றதும் அம்மிச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங்கண்ணு, நம்மூர்ல இல்லாத பத்தரா அங்க இருக்காங்க?"

நியாயமான கேள்வி. நான் வளர்ந்தது கோயம்புத்தூரில். பெரிய கடைவீதியையும் ராஜ வீதியையும் ஒட்டிய சந்துகளில் எங்கே திரும்பினாலும் ஒரு நகைப் பட்டறை இருக்கும். அந்தச் சந்துகளின் சாக்கடை மண்ணை அள்ளி, அலசி, பொன்துகள் பிரித்துப் பிழைக்கிறவர்கள் உள்ள ஊர் அது. அங்கே ஒரு நகைக்கடையின் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நெக்லஸ் வரைந்துகொண்டிருந்தேன். வரைந்தது மெழுகில் அச்சாகி வார்ப்புக்குப் போகும். போவதற்கு முன்னால் "இன்னும் ரெண்டு கிராம் குறைங்க" என்று ஒருமுறையாவது திரும்பி வரும். டிசைன் பற்றிப் பேசுகிறோம் என்று கூடுவோம், கடைசியில் எடை பற்றிப் பேசிவிட்டுக் கலைவோம். உலோகத்தை ஒருநாளும் கையில் பிடிக்காமல் நகை டிசைனர் என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. சேர்த்து வைத்த பணம், கொஞ்சம் கடன், அப்பாவின் மௌன சம்மதம் எல்லாம் சேர்ந்து ஃபிளாரன்ஸுக்கு டிக்கெட் ஆனது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்டகாலப் படிப்பு விசாவோடு வந்து இறங்கியதும் 8 வேலை நாட்களுக்குள் பெர்மெஸ்ஸோ தி சோஜோர்னோ என்ற தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுப்பது தபால் நிலையத்தில். அதில் ஒட்ட வேண்டிய 16 யூரோ வருவாய் முத்திரை கிடைப்பதோ, சிகரெட்டும் பஸ் டிக்கெட்டும் விற்கிற தபாக்கி கடையில். கைரேகை வைக்கக் காவல்துறை அலுவலகம். இந்த மூன்று இடங்களையும் சுற்றி முடிப்பதற்குள் ஊரின் பாதி வீதிகள் மனப்பாடமாகிவிடும். இத்தாலிய அரசு புதிதாக வருகிறவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்தும் முறை இதுதான் என்று எடுத்துக்கொண்டால் கோபம் வராது.

பள்ளி இருப்பது ஓல்த்ரார்னோவில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில். ஃபிரேம் செய்பவர்கள், தோல் தைப்பவர்கள், பழைய நாற்காலிக்குப் பொன்தகடு ஒட்டுகிறவர்கள் எல்லாம் இன்னும் கதவைத் திறந்துவைத்து வேலை செய்யும் பகுதி. முதல் வகுப்பில் பென்சிலும் பேப்பரும் தருவார்கள் என்று நினைத்துப் போனால், ஒரு வில் ரம்பம், ஒரு டஜன் பிளேடு, உள்ளங்கையளவு பித்தளைத் தகடு. கோடு கிழி, கோட்டின் மேலேயே அறு. அவ்வளவுதான் பாடம். நேர்கோடு முடிந்தால் வளைகோடு, அதன்பின் சுருள்.

பிளேடு என்றால் நூல் தடிமன்தான். பற்கள் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டவேண்டும். ரம்பத்தின் சட்டத்தை நெஞ்சால் மேசையோடு அழுத்திப் பிடித்து, அந்த இறுக்கத்தில் திருகாணியை முடுக்கவேண்டும். சரியாக மாட்டியிருந்தால் விரலால் சுண்டும்போது "டிங்" என்று கேட்கும். தொளதொளவென்றால் சத்தமே சொல்லிவிடும். அறுக்கும்போது அழுத்தக் கூடாது. கை இறங்கும்போது தானாக வெட்டும், ஏறும்போது சும்மா ஏறும். திரும்ப வேண்டிய இடத்தில் ரம்பத்தை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, மற்றக் கையால் தகட்டைத் திருப்ப வேண்டும். இதை மறந்த கணம் பிளேடு படக். வகுப்பில் ஜப்பானில் இருந்து வந்தவர், பிரேசிலில் இருந்து வந்தவர், நான், எல்லோர் காலடியிலும் ஒடிந்த துண்டுகள். ஆசிரியர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேன்மெழுகுக் கட்டியைத் தள்ளிவிட்டு, பிளேடில் தடவிக்கொள்ளச் சொன்னார்.

பட்டறை மேசையும் பார்க்க வேண்டியது. நம் பத்தர்கள் தரையில் சம்மணம் போட்டு, முன்னால் பட்டடையும் பக்கத்தில் உமிச்சட்டியும் வைத்துக்கொள்வார்கள். இங்கே மேசை நெஞ்சுயரம், உட்காரும் முக்காலி தாழ்வு. மேசை விளிம்பில் அரைவட்டமாக வெட்டி, அதற்குக் கீழே தோல் விரிப்பு தொங்கும். அரம் போட்ட பொடியெல்லாம் அதில் விழும். விழுந்தது மொத்தமாகச் சேர்த்துச் சுத்திகரிப்புக்குப் போகும். ஆக, மண்ணில் தேடும் வேலை இங்கே யாருக்கும் இல்லை.

தினமும் வகுப்புக்குப் பொந்தே வெக்கியோ வழியாகப் போகிறேன். 1345-இல் கட்டி முடித்த பாலம். இருபுறமும் நகைக்கடைகள், பின்கட்டு அறைகள் ஆற்றுக்கு மேலே முட்டுக்கொடுத்து நிற்கும். ஒருகாலத்தில் இங்கே இருந்தவை கசாப்புக் கடைகள். பாலத்துக்கு மேலாக அரண்மனைக்குப் போகும் நடைபாதையை, ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் 1565-இல் கட்டிக்கொண்டார்கள். கீழேயிருந்து வரும் நாற்றம் பொறுக்காமல் 1593-இல் அந்தக் குடும்பத்து ஃபெர்தினாந்தோ கசாப்புக்காரர்களைக் கிளப்பிவிட்டு, பொற்கொல்லர்களுக்கு மட்டும் என்று உத்தரவு போட்டார். 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரின் மற்ற பாலங்களையெல்லாம் தகர்த்துவிட்டு இதை மட்டும் விட்டுவைத்தது. நடுப்பாலத்தில் பென்வெனூத்தோ செல்லீனியின் மார்பளவுச் சிலை. 1500-இல் பிறந்த பொற்கொல்லர், சிற்பி, ஊர்ச்சண்டை எல்லாவற்றிலும் தலையைக் கொடுத்த மனிதர். அவர் பிறந்து 400 ஆண்டு ஆனதை ஒட்டிப் பாலத்துக் கடைக்காரர்கள் செய்வித்தது. காலை எட்டரைக்குப் போனால் மரக்கதவுகள் மூடி, கடைகள் பெரிய பெரிய பெட்டிகளாக நிற்கும். அந்த நேரம்தான் நல்லது. பதினோரு மணிக்கு மேல் செல்ஃபிக் குச்சிகளுக்கு நடுவே நீந்தித்தான் போகவேண்டும்.

கடை ஜன்னல்களில் விலைச்சீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. நான் பார்த்த சீட்டு எதிலும் செய்கூலி இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. மொத்தமாக ஒரு விலை. தங்கம் பெரும்பாலும் 18 காரட், அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு. நகையின் உள்பக்கத்தில் அந்த எண்ணோடு, ஒரு குட்டி நட்சத்திரம், செய்தவரின் பதிவெண், மாகாண எழுத்துகள் பொறித்திருக்கும். ஃபிளாரன்ஸ் என்றால் ஒன்று, அரெட்சோ என்றால் இன்னொன்று. 916 பார்த்தே பழகிய கண்ணுக்கு 750 என்றால் மாத்து குறைந்த சரக்கு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ரம்பம் பிடித்த பிறகுதான் அதன் கணக்கு புரிந்தது. இந்த ஊரின் பேர்போன வேலை தகட்டைச் சல்லடையாகத் துளைத்து அறுக்கும் ஜாலி வேலை. இரண்டு துளைக்கு நடுவே மிஞ்சுவது அரை மில்லிமீட்டர் உலோகம். 22 காரட் அந்த மெல்லிசில் போட்டுக் கழற்றினாலே வளைந்துவிடும். செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த 18 காரட் நிற்கும், கல்லையும் விடாமல் பிடிக்கும்.

அதற்காக நம் வழக்கம் மட்டம் என்று சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் நகை பேங்க் பாஸ்புக் மாதிரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டுமென்றால் அடகுக்குப் போவது வளையல்தான். அடகுக்கடைத் தராசில் டிசைனுக்கு மதிப்பில்லை. அந்தக் கணக்குத் தெரிந்தவர்களிடம் போய் "கலையைப் பாருங்கள்" என்று பாடம் நடத்துவது அபத்தம். ஆனால் வேலை செய்தவரின் கூலியைக் கழிவு என்ற தலைப்போடு ஒட்டிவைத்துப் பேரம் பேசுகிறோமே, அது மட்டும் இங்கே வந்த பிறகு உறுத்துகிறது.

எடை விஷயத்தில் ஃபிளாரன்ஸ்காரர்களும் சாமியார்கள் இல்லை. பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இரண்டு வெண்கலப் பலகைகள் அருகருகே தொங்குகின்றன. 1401-இல் ஞானஸ்நானக் கோயிலின் கதவுக்காக நடந்த போட்டியில் வந்தவை. தகப்பன் ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போகும் காட்சி. ஒன்று லொரென்ஸோ கிபெர்த்தி செய்தது, மற்றது புருனெல்லெஸ்கி செய்தது. இருவரும் பொற்கொல்லர் பட்டறையில் தொழில் பழகியவர்கள். புருனெல்லெஸ்கியின் பலகையில் வானதூதன் ஆபிரகாமின் கையை வெடுக்கென்று பிடித்துத் தடுக்கிறான். எனக்கு அதுதான் உயிருள்ளதாகப் படுகிறது. ஆனால் உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தகட்டில் பொருத்தியிருக்கிறார். கிபெர்த்தி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக, பின்பக்கம் குடைவாக எடுத்துவிட்டார். இவருடையது ஏறக்குறைய 7 கிலோ எடை குறைவு. கதவு முழுக்க இப்படிப் பலகைகள் என்றால் மிச்சமாகும் வெண்கலம் எவ்வளவு! கிபெர்த்தி ஜெயித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். கோவையில் என்னை இரண்டு கிராம் குறைக்கச் சொன்ன மேனேஜரை அந்தப் பலகைகளுக்கு முன்னால் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுக்க ஆசை. தோற்ற புருனெல்லெஸ்கி கட்டடக்கலைப் பக்கம் போனார், பிறகு கதீட்ரலின் அந்தப் பெரிய கும்மட்டத்தையே எழுப்பினார் என்பதையும் அவருக்குச் சொல்லவேண்டும்.

படிப்பு போக மிச்ச நேரம் என்ன செய்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சாப்பிடுகிறேன். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. அதனால் ஊரே கவுண்டரில் முழங்கை ஊன்றி இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போகிறது. ஃபில்டர் காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிற எனக்கு இது கைவரவில்லை. ஃபிளாரன்ஸ் இருக்கும் தோஸ்கானா மாநிலத்து ரொட்டியில் உப்பே கிடையாது. முதலில் பேக்கரிக்காரர் மறந்துவிட்டார் என்றே நினைப்போம். ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். மாட்டு இரைப்பையை வேகவைத்துப் பன்னில் வைத்துத் தரும் லம்ப்ரெதோத்தோ தள்ளுவண்டிகளும் உண்டு. குடல்கறி சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தயங்கவே தேவையில்லை. துவரம்பருப்புக்கும் புளிக்கும் சான் லொரென்ஸோ பக்கத்து ஆசியக் கடைகள். ஆகஸ்ட் பாதியில் ஊரே ஷட்டரை இறக்கிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். அதற்கு முன்பே அரிசி வாங்கிவைப்பது நல்லது.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். கூட்டம் அம்மும், பரவாயில்லை. பித்தி அரண்மனையின் கீழ்த்தளத்தில் மெதிச்சிகளின் கருவூலம் இருக்கிறது. அதில் கடைசி மெதிச்சியான அன்னா மரியா லூயிசாவின் குட்டிப் பொம்மைகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கோணலும் மாணலுமான முத்தை எடுத்து, அதன் உருவம் எதுபோல இருக்கிறதோ அதையே உடம்பாக்கி, தலையும் கைகாலும் பொன்னிலும் எனாமலிலும் செய்திருக்கிறார்கள். நம் கடையில் கழித்துப் போடும் முத்துகள் அவை. குடும்பச் சொத்து ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று 1737-இல் அந்த அம்மாள் ஒப்பந்தம் எழுதிவைத்ததால்தான் இவ்வளவும் இன்று இந்த ஊரிலேயே கிடக்கிறது.

இப்போது வெள்ளிக்கு வந்துவிட்டோம். பற்றவைப்பு பழகுகிறோம். வெங்காரம் தடவி, பற்றாசின் பொடித்துண்டுகளை இணைப்பில் வைத்து, சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் முழுத் துண்டையும் சூடேற்ற வேண்டும். வெங்காரம் முதலில் பொங்கும், அப்புறம் அடங்கிக் கண்ணாடியாகும். அதன்பின் ஒரு கணத்தில் இணைப்பு நெடுக வெள்ளிக்கோடு ஓடும். அந்தக் கணமே சுடரை எடுத்துவிட வேண்டும். எங்கள் ஆசிரியர் வாயில் வைத்து ஊதும் கேஸ் குழல்தான் பயன்படுத்துகிறார். கன்னம் உப்பி அவர் ஊதுவதைப் பார்த்தால் ராஜ வீதிப் பத்தர் ஒருவருக்கு வெள்ளைத்தாடி வைத்த மாதிரியே இருக்கும். பற்றவைத்ததை அமிலத்தில் போட்டு எடுக்க இரும்புச் சாமணம் கூடாது, வெள்ளியில் செம்பு ஏறிவிடும். நம் ஊரில் அந்த வேலைக்குப் புளித்தண்ணீர் வைப்பார்கள் என்று சொன்னேன். மறுநாள் என்னைப் புளி கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தார். நேரம் அதிகம் பிடித்தது, ஆனால் வெளுத்தது.

செமஸ்டர் வேலையாக ஜிமிக்கி எடுத்திருக்கிறேன். வெள்ளித் தகட்டில், ஃபிளாரன்ஸ் ஜாலி வேலையோடு. ஒரு சிக்கல். தட்டையான தகட்டில் ஜாலியை அறுத்துவிட்டு, குழிக்கட்டையில் வைத்துத் தட்டிக் கிண்ணமாக்கினால், நடுவில் துளைகள் விரியும், விளிம்பில் நெருங்கிக் கோணிக்கொள்ளும். முதலில் கிண்ணமாக்கிவிட்டு அறுப்பதென்றால் வளைந்த பரப்பில் ரம்பம் நிற்காது, பிளேடு ஒடிந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் இரண்டாவது வழிதான் சரி என்கிறார். நான் முதல் வழிக்கு, விரியும் அளவைக் கணக்குப் போட்டு, நடுத்துளைகளைச் சின்னதாகவும் விளிம்புத் துளைகளைப் பெரிதாகவும் வரைந்து பார்த்தால் என்ன என்று பிடிவாதமாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்த பழக்கம் இதற்காவது உதவட்டும். செம்பில் இரண்டு தகடு வெட்டி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை தட்டியிருப்பேன், வழக்கம்போல அன்று பஸ் ஸ்டிரைக். இனி திங்கட்கிழமைதான்.