ஸ்டேட்டஸில் போன கவிதைகள்

கொரோனா காலத்தில் சேலத்துப் பிள்ளைகள் என்ன வரைந்தார்கள் என்று யாராவது கேட்டால் உடனே அந்த ஒரு படத்தைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பூமி உருண்டைக்கு மாஸ்க், வாயில் தெர்மாமீட்டர், ஓரத்தில் உடம்பெல்லாம் முள்ளாக ஒரு பச்சை அரக்கன், கீழே ‘விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு’. 2020 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த ஆன்லைன் போட்டிகளுக்கெல்லாம் இதே படம்தான் போனது, போட்டவர்கள் எல்லோருக்கும் இ-சான்றிதழும் வந்தது. பிள்ளைகள் மேல் குறை இல்லை, தலைப்பு அப்படிக் கொடுத்தால் அவர்களும் என்ன செய்வார்கள். ஆனால் அந்த உருண்டைக்குள் சேலத்து அம்மாப்பேட்டையும் இல்லை, குகைப் பகுதியும் இல்லை, ஏற்காடு மலையும் இல்லை.

நான் அம்மாப்பேட்டையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். டியூஷன் நின்றதும் பாடத்துக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தோம், அதில் பாடம் நடந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லோருடைய நம்பரும் என்னிடம் இருந்ததால் அவர்கள் ஸ்டேட்டஸ் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அப்புறம்தான் புரிந்தது, போட்டிக்கு அனுப்புவது ஒன்று, ஸ்டேட்டஸில் போடுவது வேறொன்று. அரிசி கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் ரேஷன் சாமானும் கொடுத்த அந்த ஏப்ரலில், பதினொன்றாவது படித்த ஒரு பெண் இதைப் போட்டிருந்தாள்:

ரேஷன் கடை வாசலில்
சுண்ணாம்பு வட்டம்.
என் வட்டத்தில்
நான் வரும்வரை
என் செருப்பு நிற்கிறது.

வெயிலுக்குப் பயந்து ஆளெல்லாம் வேப்பமரத்தடியில் கூட்டமாக நிற்க, செருப்பும் மஞ்சப்பையும் மட்டும் சமூக இடைவெளியோடு வரிசையில் நின்ற காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம், சிரித்தோம். அவள்தான் எழுதினாள். விழிப்புணர்வு என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது.

இன்னொரு பையன், அப்பா பட்டு வேட்டி நெய்பவர். சேலம் வெண்பட்டு முகூர்த்தத்தை நம்பி ஓடுகிற தொழில், அந்த சித்திரை, வைகாசியில் கல்யாணமெல்லாம் பத்து இருபது பேரோடு வீட்டுக்குள்ளேயே முடிந்ததால் ஆர்டர் இல்லை, தறி நின்றுவிட்டது. பார்டருக்கு ஓட்டும் ஜக்கார்டு அட்டை பார்த்திருக்கிறீர்களா? நீளமான கெட்டி அட்டை, வரிசையாகத் துளை. துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்த இழை மேலே தூக்கும், துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஓடித் தேய்ந்து ஒதுக்கிய பழைய அட்டைகள் வீட்டில் கட்டுக் கட்டாக இருந்திருக்கின்றன. இவன் அவற்றின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் தெருவை வரைந்தான். ஓட்டுவீடு, மாடிவீடு, தண்ணித்தொட்டி, கொடிக்கயிறு எல்லாம் கோட்டிலேயே. துளைகள்தான் ஜன்னல். ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு ஒன்பது நிமிஷம் லைட்டை அணைத்து விளக்கேற்றச் சொன்னார்களே, அன்றைக்கு அட்டைக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து போட்டோ எடுத்திருந்தான், தெரு முழுக்க ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். சில ஜன்னல்களில் மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப். அதெல்லாம் கொரோனா வந்ததென்று வாசலில் தகரம் அடித்து மூடிய வீடு என்று நினைத்தேன், அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் மே மாதம், சேலம் உருக்காலை வளாகத்திலேயே கொரோனா நோயாளிகளுக்கு ஆக்ஸிஜனோடு 500 படுக்கை போட்ட சமயம், அதே அட்டை மறுபடி ஸ்டேட்டஸில் வந்தது. டேப் கூடியிருந்தது. இதெல்லாம் தகரம் அடித்த வீடா தம்பி என்று கேட்டேன். “போன வருஷம் ஒட்டுனது தகரம்க்கா. இப்ப ஒட்டுனது ஆளே இல்ல” என்றான்.

எந்தப் போட்டியிலும் இது ஜெயித்திருக்காது. பூமி உருண்டை இல்லையே.

ஆடியில் குகை வண்டி வேடிக்கை நின்றுபோனது இங்கே பல பேருக்கு நோயைவிடப் பெரிய விஷயமாக இருந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். சாமி வேஷம் கட்டி, ஜோடித்த வண்டியில் நின்று, ஊர் பார்க்கப் போவதற்காக வருஷம் முழுக்கக் காத்திருக்கிற பசங்கள் உண்டு. அதில் ஒருவன் மொட்டைமாடியில் தனியாக வேஷம் கட்டி, மூஞ்சிக்கு நீலம் பூசி, அதற்கு மேல் மாஸ்க்கும் மாட்டி நின்றான். மாஸ்க்கைக் கழற்றிய அடுத்த படத்தில் நீலம் பாதிதான் இருந்தது, மீதி துணியில். நான் பார்த்ததில் நல்ல நாடகம் அதுதான்.

ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து சேலத்துக்கு வந்து காலேஜ் படித்த ஒரு தம்பியும் குரூப்பில் இருந்தான். ஆன்லைன் கிளாஸுக்கு சிக்னல் தேடி பாறை மேல் ஏறி உட்கார்ந்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதை போட்டோ எடுத்து அனுப்புவான், அதுவே நாள் கழித்துத்தான் வந்து சேரும். கோடை விழா இல்லாத இரண்டு மே மாதங்களைப் பற்றி, கார் வராத கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நிறைய எழுதினான், அதெல்லாம் சுமார்தான், அழகான ஊரைப் பற்றி அழகாக எழுதுவது ஒரு வியாதி. ஆனால் 2021இல் வந்த இது வேறு மாதிரி:

காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளை.
வாசம் வருதா, வாசம் வருதா என்று
அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஏப்ரலில் ஒரு மழை விழுந்து காப்பி பூத்தால் மலையே மல்லிகை மாதிரி மணக்கும். மூக்கில் வாசம் தெரியாவிட்டால் கொரோனா என்று ஊரே பயந்துகிடந்த வருஷத்தில், வீட்டில் இருப்பவர்களுக்குச் சோதனை செய்ய அந்த அம்மாவிடம் பூதான் இருந்திருக்கிறது.

1876 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது பஞ்சத்தைக் கும்மி கட்டிப் பாடினார்கள், விலைவாசி முதல் எதைப் பிடுங்கித் தின்றார்கள் என்பது வரை. வாயில் கிடந்ததால் அச்சுக்கும் வந்து தப்பித்தது. நம் பிள்ளைகள் கட்டிய கும்மி ஸ்டேட்டஸில் ஏறி 24 மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது. போன் மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்தது போக, டிஸ்பிளே உடைந்து பீரோவுக்குள் கிடக்கும் போன்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். போட்டிப் படங்களோ ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கின்றன!

ரேஷன் கவிதை எழுதிய பெண்ணிடம் கையெழுத்தில் ஒரு பிரதி கேட்டேன். “அதெல்லாம் அப்ப சும்மா எழுதுனதுக்கா, விடுங்க” என்றாள், இப்போது வேலைக்குப் போகிறாள், நேரமில்லையாம். விடுவதாக இல்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்து நானே ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, சரியாக இருக்கிறதா என்று அவளுக்கு அனுப்பினேன். மூன்றாவது வரியை மாற்றணும் என்று பதில் வந்திருக்கிறது.