அரைக் கோப்பை

பகலெல்லாம் மட்டக்களப்பின் படுவான்கரை மாட்டுப்பட்டிகளில் திரிந்துவிட்டு, மாலையில் கல்லடியில் ஒரு சின்ன அறையில் நாய், பூனைக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் வேலை. மாட்டின் நிறை கொஞ்சம் பிழைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நெஞ்சைச் சுற்றி நாடா போட்டு 300 கிலோ என்று எழுதி, அது உண்மையில் 310 ஆக இருந்தாலும் மாடு பொறுத்துக்கொள்ளும். 3 கிலோ நாயில் 300 கிராம் பிழைத்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இது எனக்கு உறைக்கச் சில வருடம் பிடித்தது.

பொம்மி என்ற நாயை ஒரு பெத்தாவும் (பாட்டியும்) பேரனும் கொண்டுவந்தார்கள். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற காலம். பொமரேனியன், வாயைப் பிளந்து மூச்சிரைத்தது, நடுநடுவே கரகரவென்று இருமல். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது வழக்கம், கொழுப்புச் சேர்ந்தால் இருமல் இன்னும் மோசமாகும். தராசு 4 கிலோ 600 காட்டியது. சடை மயிர் எல்லாவற்றையும் மூடிவிடுவதால் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மயிருக்குள் விரலை விட்டு அழுத்தினேன், விலா எலும்பு அகப்படவில்லை.

"ஒண்டும் தின்னுறல்ல டொக்டர்" என்றார் பெத்தா. குண்டு நாயைக் கொண்டுவருகிற எல்லாரும் சொல்வது இதைத்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு தேவை என்று, பேராதனையில் படித்த கணக்கைப் போட்டேன். நிறையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்க வேண்டும். பொம்மிக்கு ஏற்ற நிறை 3 கிலோ என்று வைத்தால், சும்மா படுத்துக்கிடக்க 160 கலோரி. கருத்தடை செய்த நாய் வழமைபோல் ஓடியாடித் திரிய அதைப்போல் 1.6 மடங்கு, கிட்டத்தட்ட 255. மெலிய வைக்க வேண்டுமென்றால் 160ஐ ஒட்டியே நிற்க வேண்டும். 20 கிலோ ஊர் நாய்க்கு இதே கணக்கில் 660 வரும். நிறை ஏறத்தாழ ஏழு மடங்கு, தேவை நாலு மடங்குதான். ஆகவே பெரிய நாயின் சாப்பாட்டை நிறையால் பிரித்துச் சின்ன நாய்க்கு வைத்தால் அது பட்டினி கிடக்கும். ஆனால் அந்தப் பிழையோடு என்னிடம் வந்தவர்கள் குறைவு.

கணக்கைப் போட்டுவிட்டு அட்டையில் எழுதினேன்: "நாளொன்றுக்கு அரைக் கோப்பை சோறு, இரண்டு வேளையாக, முள் எடுத்த அவித்த மீனுடன்." மீனில் உப்பு, வெங்காயம் கூடாது என்று அடிக்கோடும் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். 4 கிலோ 900.

எனக்குக் கோபம். "பெத்தா, நான் எழுதினபடி வைக்கிறீங்களா?" என்றேன். அவருக்கும் கோபம். "நீங்கதானே மனே எழுதித் தந்தீங்க. அளவாத்தான் வைக்கிறன்." பேரனைக் கேட்டேன். அவன் இரண்டு கையையும் விரித்து ஒரு வட்டம் காட்டினான். அப்போதுதான் விளங்கியது. மட்டக்களப்பில் கோப்பை என்றால் தட்டு, எந்த வீட்டிலும் சோறு தின்பது அதில்தான். நானும் அதில்தான் தின்கிறேன். எழுதும்போது மட்டும் தலைக்குள் ஆங்கிலப் புத்தகத்தின் கப் வந்து உட்கார்ந்துவிட்டது. பெரிய கோப்பையில் பாதிச் சோறு என்றால் 300 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் சோற்றில் 130 கலோரி, சோறே 390. பெத்தாவின் கையில் பிழையே இல்லை.

அப்புறம் மெதுவாக மற்றக் கதை வந்தது. வீட்டில் மூத்தப்பா (தாத்தா) பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது பொம்மி காலடியில் வந்து உட்காருமாம். "அது பாத்துக்கு இருக்கக்குள்ள எப்பிடி மனே நாம மட்டும் தின்னுற?" இரண்டு மாரி பிஸ்கட். பேரன் பள்ளிவிட்டு வந்து இன்னும் இரண்டு. மாரி ஒன்றில் சுமார் 25 கலோரி. நாலு என்றால் 100. மெலிய வேண்டிய நாயின் ஒருநாள் பங்கில் பாதிக்கு மேல் அங்கேயே முடிந்தது. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. "என்ன தின்னுது?" என்று கேட்பதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். "வீட்டில் யார் யார் தேத்தண்ணி குடிக்கிறீங்க?" என்றுதான் கேட்கிறேன்.

பக்கற் சாப்பாடு என்றால் உறையில் அளவு போட்டிருக்குமே என்று சிலர் சொல்வார்கள். போட்டிருக்கும்தான். ஆனால் அது எல்லா நாய்க்கும் பொதுவான ஒரு தொடக்கம், உங்கள் நாயின் விலாவை அந்த உறை தொட்டுப் பார்த்ததில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் அதன் விலை ஏறியபோது பலர் சோற்றுக்கே திரும்பிவிட்டார்கள், எனவே என் வேலை பெரும்பாலும் சோற்றோடும் மீனோடும்தான்.

அன்று பெத்தாவின் கையைப் பிடித்து விரல்களை மடக்கச் சொன்னேன். மற்றக் கை விரலால் முட்டியைத் தடவினால் எலும்பு துருத்தும்; நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் மெல்லிய தோலுக்கடியில் எலும்பு ஒவ்வொன்றாகத் தெரியும், அதுதான் சரி. உள்ளங்கையில் விரலடிச் சதை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. பெத்தா உள்ளங்கையைத் தடவினார், பொம்மியைத் தடவினார், மறுபடி உள்ளங்கையைத் தடவினார். ஒன்றும் பேசவில்லை.

அளவுக்கு அவரே வழி சொன்னார். அடுத்த நாள் தேய்த்து மினுக்கிய சின்னக் கண்சிரட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். சோற்றை மட்டமாக நிரப்பி நிறுத்தோம், 85 கிராம். ஒரு நாளைக்கு ஒன்று, பாதி காலை, பாதி இரவு. மூத்தப்பாவுக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த பூசணித் துண்டு. அவர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார் என்று பேரன் பிறகு சொன்னான்.

இதையே குட்டிக்குச் செய்தால் ஆபத்து. ஏழு வாரச் சின்ன இனக் குட்டி ஒன்றை, இரண்டு வேளைச் சாப்பாடு போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வளர்த்தவர்கள், ஒரு விடியற்காலை நடுங்க நடுங்கத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரத்தத்தில் சீனி விழுந்திருந்தது. அந்த வயதில் நாளைக்கு நாலு தரமாவது கொடுக்க வேண்டும்.

பொம்மி மாதம் 200 கிராம் அளவில் இறங்கியது. அதைவிட வேகமாக இறக்க நானும் விரும்பவில்லை. மாரி மழை ஓய்ந்த பிறகு வந்தபோது 3 கிலோ 400, இருமல் பெரும்பாலும் நின்றிருந்தது. இனிக் கொஞ்சம் கூட்டலாம் என்று அட்டையை எடுத்தேன். "அரை..." என்று தொடங்குவதற்குள் பெத்தா பன்பைக்குள் கையை விட்டுச் சிரட்டையை எடுத்து மேசையில் வைத்தார்.