நான் அடித்த ‘அப்பா’

கிறிஸ்தவப் புத்தகங்கள் போடும் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கச் சேர்ந்த புதிது. பைபிளில் இயேசுவின் கதையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்துக்கு ஒருவர் எழுதிய விளக்கவுரை என் மேசைக்கு வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபிக்கும் இடத்தில் ‘அப்பா பிதாவே’ என்று இருந்தது. அப்பா என்றாலும் பிதா என்றாலும் ஒன்றுதானே, கூறியது கூறல் என்று ‘அப்பா’வை அடித்துவிட்டேன். அன்றைக்கு என் தமிழறிவு மேல் எனக்கு நல்ல மரியாதை இருந்தது.

அங்கே மூத்த புரூஃப் ரீடர் ஓய்வுபெற்ற போதகர். தாளைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, அது நம்ம ஊர் அப்பா இல்ல. அரமேய அப்பா.”

இயேசு வீட்டிலும் தெருவிலும் பேசியது அரமேயம். அதிலும் தகப்பனைக் கூப்பிடும் சொல் நம்முடையது போலவேதான் ஒலிக்கும். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, அந்தச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ‘பிதாவே’ என்று கிரேக்கத்தில் பொருள் சொல்கிறார். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுலும் இதே ஜோடியை எழுதுகிறார். யூதர் அல்லாதவர்கள்கூட ஜெபத்தில் ஒரு யூத வீட்டுச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கிரேக்கத்தில் படித்தவனுக்கு அந்த இடத்தில் கால் தடுக்கியிருக்கும். நமக்குத் தடுக்குவதே இல்லை.

அப்புறம் மாற்கு அப்படியே விட்டுவைத்த மற்ற அரமேயச் சொற்கள், ‘தலீத்தாகூமி’, ‘எப்பத்தா’ எல்லாம் காட்டினார். அவை சுலபம், பார்த்தவுடனே வேற்றுமொழி என்று தெரிந்துவிடும். சாதுவாக உட்கார்ந்திருக்கும் சொற்கள்தான் என்னைத் தொந்தரவு செய்தன.

‘தேவாலயம்’ என்று ஒரு சொல். ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணிநேரத்தில் பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. படித்ததும் மணிக்கூண்டு வைத்த சர்ச்தான் நம் கண்ணுக்குள் வரும். அதுவோ எருசலேமில் ஆடுகளைப் பலியிட்ட ஆலயம், கி.பி. 70இல் ரோமர்கள் அழித்தது. ஒன்பதாம் மணி என்பது நம் பிற்பகல் 3 மணி, அங்கே மாலைப் பலியின் வேளை. இயேசுவுக்குப் பிறகும் சீஷர்கள் அந்த வேளைக்கு அங்கே போயிருக்கிறார்கள். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறிவிட்டதாக அவர்கள் நினைத்ததாகவே தெரியவில்லை.

இன்னொன்று ‘ஓரம்’. மத்தேயு சுவிசேஷத்தில், 12 வருஷமாகப் பெரும்பாடுள்ள (ரத்தப்போக்கு நிற்காத) ஸ்திரீ, இயேசுவுடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிறாள். வேட்டிக்கரை மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார் பெரியவர். கட்டளைகளை நினைவில் வைக்க, உடையின் ஓரங்களில் நீல நூல் சேர்த்துத் தொங்கல் வைக்க வேண்டும் என்பது யூதருக்குள்ள சட்டம். அவள் தொட்டதும் அதைத்தான் என்றார். அதே மத்தேயுவில் 23ஆம் அதிகாரத்தில், பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் தங்கள் ‘தொங்கல்களை’ப் பெரிதாக்குகிறார்கள் என்று இயேசு கண்டிக்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், கிராஸ்பெதோன். நம் பழைய மொழிபெயர்ப்பில் பரிசேயருக்குத் தொங்கல், இயேசுவுக்கு ஓரம். யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பரிசேயர்தான் யூதர், இயேசு வேறு யாரோ என்பது போல ஆகிவிடுகிறது.

(தமிழைப் பாராட்டவும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஜேம்ஸ் ஆகிப்போன சீஷர் நம்மிடம் இன்னும் அதே யூதப் பெயரோடு யாக்கோபுதான்.)

சில வருடம் கழித்து வேறொரு கையெழுத்துப் பிரதி. ஒரு அத்தியாயத்தின் தலைப்பு ‘பெந்தெகொஸ்தே பிறந்த நாள்’. சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதாகக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் நாள் அது. ஆனால் அதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் வசனமோ ‘பெந்தெகொஸ்தே என்னும் நாள் வந்தபோது’ என்றுதான் ஆரம்பிக்கிறது. நாள் ஏற்கெனவே இருந்திருக்கிறது. யூதரின் பஸ்கா பண்டிகையை ஒட்டி ஏழு வாரம் எண்ணி 50ஆம் நாள் கொண்டாடும் அறுவடைப் பண்டிகை. யூதர்கள் எருசலேமுக்குப் போகவேண்டிய மூன்று பண்டிகைகளில் ஒன்று. பார்த்தர், மேதர், ஏலாமீத்தர் என்று கிழக்கு நாடுகளைச் சேர்ந்த யூதர்கள் அன்றைக்கு அங்கே கூடியிருந்ததும் அதனால்தான் போலிருக்கிறது. இவ்வளவையும் மார்ஜினில் எழுத இடமில்லை. ஒரு கேள்விக்குறி போட்டு, ‘இந்த நாள் முன்பே உண்டே ஐயா?’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

தலைப்பு அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. உள்ளே மட்டும் யூதரின் அறுவடைப் பண்டிகை என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதில் ‘அறுவடை’க்கு வல்லின ற விட்டுப்போயிருந்தது. திருத்தினேன்.