மதிப்பெண் லிஸ்டும் ஒரு ஒய்ல் லூப்பும்

பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன புரோகிராம். ஐந்து பாடங்களின் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி ஒரு லிஸ்டில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) போட வேண்டும். வாங்கிப் போடுவதில் ஒன்றுமில்லை, நாலு வரியில் முடிந்தது. யார் எதைத் தட்டினாலும் லிஸ்டுக்குள் 0 முதல் 100 வரையிலான எண்ணைத் தவிர வேறெதுவும் நுழையக்கூடாது என்று உட்கார்ந்ததில்தான் வாரக்கடைசி முழுக்கப் போனது.

தட்டியதை வாங்கித் தரும் இன்புட் ஃபங்ஷன் எதையும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான் தரும். அதனால் முதலில், எல்லாம் இலக்கம்தானா என்று சொல்லும் இஸ்டிஜிட் வைத்துப் பார்த்தேன். '-5' மைனஸ் குறியால் அங்கேயே நின்றுவிடுகிறது, சரி. ஆனால் வர்க்கத்துக்கு மேலே பொடியாகப் போடும் '²' இருக்கிறதே, அதையும் இலக்கம் என்று இஸ்டிஜிட் ஒத்துக்கொள்கிறது, அடுத்த வரியில் ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக்கும் இன்ட் அதை மாற்றத் தெரியாமல் வேல்யூ எரர் (மதிப்பு சரியில்லை என்ற பிழை) போட, புரோகிராம் அத்தோடு நின்றுவிடுகிறது.

எனவே இஸ்டிஜிட்டைத் தூக்கிவிட்டு, நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப ஓடும் ஒய்ல் ட்ரூ லூப்புக்குள், பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் ட்ரை-எக்செப்ட். மாற்றும் வேலையை இன்ட்டிடமே விடுவது, முடியவில்லை என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு கன்டினியூ (மறுபடி கேள்), முடிந்தால் எல்லையைப் பார்த்து அப்பெண்ட் (லிஸ்டில் சேர்), பிரேக் (லூப்பை விட்டு வெளியேறு). இன்ட் கொஞ்சம் தாராளமான ஆள்: முன்னும் பின்னும் ஸ்பேஸ் இருந்தாலும் கண்டுகொள்ளாது, '1_0' கொடுத்தால் 10 என்று எடுத்துக்கொள்ளும். சும்மா '௭௫' என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்துப் பார்த்தேன், சமர்த்தாக 75 ஆகி லிஸ்டில் போய் உட்கார்ந்தது! பத்துக்கான ௰ மட்டும் செல்லவில்லை, யூனிகோடில் அது தசம இலக்கமாக இல்லை.

எக்செப்ட்டை வெறுமனே விடாமல் வேல்யூ எரர் என்று பெயர் சொல்லி எழுதுவது முக்கியம். வெறும் எக்செப்ட், புரோகிராமை நிறுத்தத் தட்டும் கன்ட்ரோல்-சியையும் விழுங்கிவிடும், லூப்பை விட்டு வெளியே வர டெர்மினலையே மூட வேண்டியதுதான்.

அப்புறம் அரை மதிப்பெண்ணுக்காக இன்ட்டை ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்ணாக மாற்றுவது) ஆக்கினேன். இங்கேதான் வேடிக்கை. ஃப்ளோட்டுக்கு 'நேன்' (எண்ணே அல்ல என்பதைக் குறிக்கும் மதிப்பு) என்பதும் சரியான இன்புட்தான். "0-க்குக் கீழே அல்லது 100-க்கு மேலே இருந்தால் தள்ளு" என்று நிபந்தனை எழுதினால் அது ஜாலியாக உள்ளே போய்விடுகிறது, ஏனென்றால் சிறியதா, பெரியதா என்று எப்படி ஒப்பிட்டாலும் நேன் விஷயத்தில் கிடைக்கும் விடை ஃபால்ஸ் (இல்லை) தான். கடைசியில் சராசரியும் நேன். அதையே "0 முதல் 100-க்குள் இருந்தால் மட்டும் சேர்" என்று திருப்பி எழுதினால் வாசலிலேயே நிற்கிறது. எதைத் தள்ளுவது என்று பட்டியல் போடுவதைவிட எதை ஏற்பது என்று எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து, ஏற்கெனவே போட்ட மதிப்பெண்ணைத் திருத்தும் வசதி. பாட எண் 1 முதல் 5, அதில் ஒன்றைக் கழித்தால் இண்டெக்ஸ் (லிஸ்டில் 0 முதல் எண்ணும் இட எண்). இல்லாத இடத்தைக் கேட்டால் வரும் இண்டெக்ஸ் எரரைப் பிடித்தால் போதுமா என்று பார்த்தால், 6 மாட்டுகிறது, 0 மாட்டவில்லை. 0 கொடுத்தால் இண்டெக்ஸ் -1, பைத்தானில் அது கடைசி உறுப்பு, ஆக ஐந்தாவது பாடத்தின் மதிப்பெண் சத்தமில்லாமல் மாறிப்போகிறது. எரர் வந்தாலாவது தெரியும்!

இப்போது கேள்வி, கீழ் எல்லை, மேல் எல்லை மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஒரே ஃபங்ஷனாக ஆக்கி இரண்டு இடத்திலும் அதையே கூப்பிடுகிறேன். பாட எண்ணில் 2.5 வந்துவிடக்கூடாதே, அதனால் இன்ட்டா ஃப்ளோட்டா என்பதையும் நான்காவதாக அனுப்ப வேண்டியிருந்தது.